கொய்யாவும் தேத்தண்ணீரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் அறிவியல் கற்பித்தேன். அத்தனை ஆண்டுகளிலும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறைகூடத் தவறாமல் செய்துகாட்டிய பரிசோதனை ஒன்று உண்டு. அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. காலையில் வீட்டில் சோறு வடித்த கஞ்சியை ஒரு போத்தலில் எடுத்துச் செல்வேன். அயோடின் பள்ளியின் முதலுதவிப் பெட்டியிலேயே இருக்கும். நீர் விட்டுத் தளர்த்திய கஞ்சியில் இரண்டு சொட்டு அயோடினை விட்டதும், வெளுத்திருந்த கஞ்சி பேனா மைபோலக் கருநீலமாகிவிடும். அதை நான்கு கண்ணாடிக் குவளைகளில் சம அளவாக ஊற்றி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மாணவரை நிறுத்துவேன். ஒருவர் கையில் கொய்யாப்பழத்தை அரைத்து நீர் சேர்த்து வடிகட்டிய சாறு, இன்னொருவர் கையில் எலுமிச்சைச் சாறு, மூன்றாமவர் கையில் கரைத்த புளி, நான்காமவர் கையில் மருந்துக்கடையில் வாங்கிய, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையின் கரைசல். வைட்டமின் சி நீலத்தை அழிக்கும்; ஆகவே நீலம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும்; அவ்வளவுதான் வேலை.

மாத்திரைக் கரைசல் ஒன்றிரண்டு சொட்டுகளிலேயே நீலத்தைத் துடைத்துவிடும். கொய்யாச் சாறு ஆறேழு சொட்டுகளில், எலுமிச்சை இருபதை ஒட்டி. புளிக்கரைசல் வைத்திருக்கும் பிள்ளைதான் பாவம். நாற்பது சொட்டுகள் விட்ட பிறகும் குவளை நீலமாகவே நிற்கும். நாக்கில் வைத்தால் முகம் சுளிக்கவைக்கும் புளி தோற்று, இனிக்கும் கொய்யா வெல்வதைப் பிள்ளைகளால் முதலில் ஏற்க முடியாது. "அப்ப புளிப்புதான் வைட்டமின் சி இல்லையா டீச்சர்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். எலுமிச்சையின் புளிப்பு பெரும்பாலும் சிட்ரிக் அமிலத்தினுடையது. புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தினுடையது. வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், இவற்றுக்கு அப்பால் தனியாக நிற்பது. நூறு கிராம் கொய்யாவில் அது ஏறத்தாழ 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சில் 50 அளவில், எலுமிச்சைச் சாற்றில் 30 அளவில், புளியில் நான்குகூடத் தேறாது.

நீலம் ஏன் மறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் இக்கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு செயலைச் சுற்றியதே. வைட்டமின் சி தன் எலக்ட்ரான்களை அயோடினுக்குக் கொடுத்துவிடுகிறது. எலக்ட்ரானைப் பெற்ற அயோடின், மாவுச்சத்துடன் சேர்ந்து நீலம் காட்டும் தன்மையை இழந்து, நிறமற்ற அயோடைடாக மாறிவிடுகிறது. உடம்புக்குள்ளும் வைட்டமின் சி செய்யும் வேலை பெரும்பாலும் இதுதான்: எலக்ட்ரானைக் கொடுப்பது.

இந்தப் பரிசோதனையின் முடிவில் இன்னொரு கேள்வியும் வரும். "மாத்திரைதானே டீச்சர் முதல்ல வந்துச்சு? அப்ப அதையே குடிக்கலாமே?" நியாயமான கேள்வி. எங்கள் பட்டணத்தில் பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சளி பிடித்தவர், களைத்தவர், பேரப்பிள்ளைக்குத் தேர்வு என்று கவலைப்படுபவர், எல்லாரும் அந்த நீண்ட குழாய் டப்பாவைக் கேட்டு வாங்குகிறார்கள். குவளையில் வென்றது உடம்பிலும் வெல்லும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு ஓர் எல்லைக்குமேல் செல்லாது என்பதை 1996ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த மார்க் லெவைனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான இளைஞர்கள் ஏழு பேரை மாதக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, வைட்டமின் சி-யைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, இரத்தத்தையும் சிறுநீரையும் அவர்கள் சோதித்தார்கள். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிடைத்தபோதே வெள்ளையணுக்கள் நிறைந்துவிட்டன. 200 மில்லிகிராமைத் தாண்டியபின் இரத்தத்தில் அளவு மிக மெதுவாகவே ஏறியது. ஒரே வேளையில் 1250 மில்லிகிராம் கொடுத்தபோது குடல் அதில் பாதியைக்கூட உறிஞ்சவில்லை. உறிஞ்சியதும் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறியது. ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம், நிறைந்தபின் வடிகிற பால் மண்ணுக்குத்தான் போகும்.

நம் நாட்டின் ஊட்டச்சத்துப் பரிந்துரை, வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் என்கிறது. நடுத்தரமான கொய்யாவில் பாதி அதற்குப் போதும்.

நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் வரிசையாகக் கொய்யா மரங்கள் நின்றன. யார் நட்டது என்று எவருக்கும் தெரியாது. காய் செங்காயாகும் முன்பே குரங்குகள் வந்துவிடும். அம்மா தகரத்தைத் தட்டி விரட்டுவார். லயத்து ஆடும் மாடும் நாயும் அந்தப் பழத்துக்காக அப்படி ஏங்கியதில்லை. அவை தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைக் கல்லீரலிலேயே குளுக்கோஸிலிருந்து செய்துகொள்கின்றன என்பதைப் பின்னாளில் கல்லூரியில் படித்தேன். அந்த வேலையின் கடைசிப் படிக்கு ஒரு நொதி தேவை. குரங்கினங்களுக்கும் மனிதனுக்கும் பொதுவான முன்னோரிடத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அந்த நொதிக்கான மரபணு பழுதாகிவிட்டது. குரங்கு பழத்தைத் தேடிவந்தது இனிப்புக்காகத்தான் இருக்கும். ஆனாலும் கொய்யா மரத்தடியில் தகரத்தோடு நின்ற அம்மாவும் மேலே கிளையில் இருந்த குரங்கும் ஒரே குறையுள்ளவர்கள் என்று படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

கினிப் பன்றிக்கும் அதே குறை உண்டு. வைட்டமின் சி-யின் வரலாறு அந்தச் சிறு பிராணியால்தான் திரும்பியது. 1747ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சால்ஸ்பரி என்ற போர்க்கப்பலில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்ததும், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைந்து தேறியதும் பலரும் அறிந்த செய்தி. ஆனால் பழத்தில் இருப்பது என்ன என்று தேட, நோயைப் பிராணிகளில் வரவழைக்க வேண்டியிருந்தது. எலியும் நாயும் அந்த நோய்க்கு அசையவில்லை. 1907ஆம் ஆண்டு நார்வேயில் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிச்சும், கப்பலில் வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தபோது, பெரிபெரிக்குப் பதிலாக ஸ்கர்வி வந்தது. 1928இல் ஹங்கேரியரான ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1930களின் தொடக்கத்தில் அதுவே வைட்டமின் சி என்று உறுதியானது. ஆய்வுக்கு அதிக அளவு தேவைப்பட்டபோது அவருக்குக் கைகொடுத்தது ஆரஞ்சு அன்று, தம் ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைத்த சிவப்பு மிளகாய். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்கர்வி பழைய கப்பல்களோடு மூழ்கிப்போன நோய் என்று எண்ணக்கூடாது. தனியாக வசித்து, பிஸ்கட்டும் காப்பியுமாகக் காலம் தள்ளும் முதியவர்கள், சம்சு என்ற மலிவு மதுவுக்கு அடிமையாகிச் சோற்றை மறந்தவர்கள் ஆகியோருக்கு அது இன்றும் வரக்கூடியது. புகைப்பவர்களுக்கு மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. நோய் எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதை ஜான் கிராண்டன் என்ற அறுவை மருத்துவர் 1939இல் தம் உடம்பிலேயே சோதித்தார். பழமும் காய்கறியும் அறவே இல்லாத உணவைத் தொடர்ந்து உண்டார். ஆறு வாரத்துக்குள் இரத்தத்தில் வைட்டமின் சி இல்லாமல் போனது. ஆனால் மூன்றாம் மாதம் முதுகில் கீறவைத்த காயம் இயல்பாகவே ஆறியது. ஆறாம் மாதம் கீறிய காயமோ, மேல்தோல் கூடிய பிறகும் உள்ளே ஒட்டவே இல்லை. வைட்டமின் சி ஏற்றிய பிறகுதான் அது ஆறியது.

உள்ளே ஒட்டாததற்குக் காரணம் கொலாஜன். தோல், ஈறு, எலும்பு, இரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் கட்டிவைக்கும் புரதம் அது; மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு. அந்த இழைகளில் ஆங்காங்கே ஆக்சிஜனைச் சேர்த்து முறுக்கை உறுதியாக்கும் நொதிகளின் நடுவில் ஓர் இரும்பணு இருக்கிறது. வேலை செய்யும்போது அந்த இரும்பு தன் எலக்ட்ரானை இழந்து செயலற்றுப்போகும். வைட்டமின் சி அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து மீண்டும் வேலைக்கு அனுப்பும். கொடுக்க ஆளில்லாவிட்டால் கயிற்றில் முறுக்கு ஏறாது. உளி பட்டு விரலை வெட்டிக்கொண்ட யாருடைய காயமும் மூடியதற்குப் பின்னால் இந்தக் கொடுக்கல் நடந்திருக்கிறது.

இனிச் சளிக்கு வருகிறேன். 1970இல் லைனஸ் பாலிங், நாள்தோறும் கிராம் கணக்கில் வைட்டமின் சி உட்கொண்டால் சளி அண்டாது என்று எழுதினார். இரண்டு நோபல் பரிசுகள் பெற்றவர் சொன்னது என்பதால் உலகம் நம்பியது. அதன்பின் நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்த 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பதை அது குறைக்கவில்லை என்று கண்டது. நாள்தோறும் எடுத்து வந்தவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் பெரியவர்களில் நூற்றுக்கு 8, சிறுவர்களில் 14 என்ற அளவில் குறைந்தது. சளி பிடித்த பிறகு தொடங்கியவர்களுக்கு உறுதியான பயன் ஏதும் தெரியவில்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த படைவீரர்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்திருந்தது. ஆகவே தும்மல் வந்ததும் மருந்துக்கடைக்கு ஓடி வாங்கும் மாத்திரையால் நம்மவர்களுக்குக் கிடைப்பது மிகச் சிறிது.

நம் தோட்டப்புற மக்களுக்கு வைட்டமின் சி பெரிதும் உதவக்கூடிய இடம் வேறு. அது இரத்தம். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் அம்மாவிடம் கண்டேன்.

1980களின் இறுதியில் அம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு நிரை பிடித்து வெட்டி, பத்து மணிக்கு மரத்தடியில் பசியாறுவார். முந்திய இரவுச் சோறு, கருவாட்டுச் சம்பல் அல்லது கீரை, கூடவே பிளாஸ்கில் கடும் சாயத் தேத்தண்ணீர். சோற்றுக்கு ஒரு வாய், தேத்தண்ணீருக்கு ஒரு வாய் என்று இரண்டையும் சேர்த்தே முடிப்பார். அந்த ஆண்டு அவரால் பால்வாளியைத் தூக்க முடியவில்லை. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. நகம் வெளுத்து, கரண்டிபோல் குழிந்திருந்தது. கிளினிக்கில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8க்கும் கீழே இருந்தது; இரத்தச் சோகை என்றார்கள். குடற்புழுவுக்கான பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்தும் பெரிய ஏற்றம் இல்லை. அப்போது அங்கிருந்த ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, அதாவது தாதி, எங்கள் தமிழையும் தம் மலாயையும் கலந்து, "அம்மா, மாத்திரையை எதோட முழுங்குறீங்க?" என்று கேட்டார். "தேத்தண்ணியோடதான் மிஸ்ஸி" என்றார் அம்மா. அந்த அம்மையார் தலையில் கைவைத்துக்கொண்டது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

சோறு, பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பு, மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் ஹீம் இரும்பைப்போல எளிதில் உடம்பில் சேர்வதில்லை. அது பெரும்பாலும் எலக்ட்ரான் குறைந்த நிலையில் இருப்பதால், குடலின் அமிலம் குறைந்த சூழலில் கரையாமல் படிந்துவிடுகிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் தானியத்தின் ஃபைட்டேட்டும் அதைப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. அதே உணவில் வைட்டமின் சி இருந்தால், கஞ்சிக் குவளையில் அயோடினுக்குச் செய்ததை அது இரும்புக்கும் செய்கிறது. எலக்ட்ரானைப் பெற்ற இரும்பு கரைந்த நிலையிலேயே இருந்து, குடற்சுவரைத் தாண்டிவிடுகிறது.

இதை மிக அழகாக அளந்த ஆய்வு 1987இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம்மைப்போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறிய மக்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த நாடு அது. ஆய்வில் பங்கேற்றவர்கள் பிள்ளை பெற்ற இந்தியப் பெண்கள் 234 பேர். சோதித்த உணவும் சோறுதான். சோற்றை மட்டும் உண்டபோது அதிலிருந்த இரும்பில் நூற்றுக்கு 2.5 பங்கே உடம்பில் சேர்ந்தது. ஆப்பிளும் திராட்சையும் இரும்பு சேர்வதைக் கூட்டவில்லை. வாழை, மாம்பழம், அன்னாசி ஓரளவு கூட்டின. பட்டியலின் உச்சியில் நின்றவை கொய்யாவும் பப்பாளியும். அவற்றோடு உண்டபோது 12 பங்குக்கு மேல், சில சோதனைகளில் 29 பங்கு வரை இரும்பு சேர்ந்தது. சிட்ரிக் அமிலமும் தன் பங்குக்கு உதவுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது; ஆகவே சோற்றின்மேல் எலுமிச்சை பிழியும் நம் வழக்கத்துக்கு இரட்டைப் பயன் உண்டு. விலை கொடுத்து ஆப்பிள் வாங்கி நோயாளியைப் பார்க்கச் செல்லும் நாம், லயத்துப் பின்புறத்துக் கொய்யாவையும் வேலியோரப் பப்பாளியையும் குரங்குக்கும் வௌவாலுக்கும் விட்டுவைத்தோமே என்ற வருத்தம், அதைப் படித்ததிலிருந்து எனக்கு நீங்கவே இல்லை.

இதில் மிகைப்படுத்தவும் கூடாது. ஒரு வேளை உணவில் காணும் இந்தப் பெரும் ஏற்றம், பல நாள் முழு உணவையும் சேர்த்து அளக்கும்போது குறைந்துவிடுகிறது. இரும்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு வைட்டமின் சி மாத்திரையையும் கூடவே கொடுப்பதால் பெரிய வேறுபாடு இல்லை என்று, சீனாவில் 440 பேரிடம் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு கண்டது. மாத்திரையில் உள்ள இரும்பு ஏற்கெனவே எலக்ட்ரான் பெற்ற நிலையில், மிகுந்த அளவில் இருக்கிறது. வெறுங்காலோடு காட்டில் நடந்த தலைமுறைக்குக் கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குடித்தது. எந்தப் பழமும் அதற்கு மருந்தாகாது. எனவே சோகை கண்டவர் இரத்தம் சோதித்து, காரணம் அறிந்து, இரும்பு மாத்திரையை முறையாக எடுப்பதே முதல் வேலை. பழமும் எலுமிச்சையும் நாள்தோறும் சோறும் கீரையும் உண்டு வாழும் வீட்டுக்கு, குறிப்பாக மாதவிலக்கில் இரத்தம் இழக்கும் பெண்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும், சாப்பாட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டியவை. காலையில் விழுங்கிய வைட்டமின் சி மாத்திரை, பகல் சோற்றின் இரும்புக்கு அந்த அளவுக்குத் துணை நிற்காது. தேநீரை முற்றிலும் விட வேண்டியதும் இல்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் அதன் தடை குறைகிறது என்று 2017இல் வந்த ஒரு சிறு ஆய்வு காட்டியிருக்கிறது.

சமையலில் ஒரு சொல். வைட்டமின் சி நீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவது அதைக் கொட்டுவதற்குச் சமம். எலுமிச்சையை அடுப்பை அணைத்தபின் பிழிவதும், முருங்கைக்கீரையை அரிந்து நெடுநேரம் ஊறவிடாமல் கடைசியில் சேர்ப்பதும் நம் பாட்டிமார் செய்ததே.

வைட்டமின் சி மாத்திரையில் ஆபத்தே இல்லை என்று எண்ணுபவர்களுக்காக இதையும் எழுதியாக வேண்டும். உடம்பில் மிஞ்சும் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் சேர்கிறது. சுவீடனில் 23,000க்கும் மேற்பட்ட ஆண்களை 11 ஆண்டுகள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இன்னொன்று ஜி6பிடி குறைபாடு; சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும் நிலை அது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைச் சோதிக்கிறார்கள். குறையுள்ள குழந்தையின் தாயிடம் அந்துருண்டையை வீட்டில் வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, சருமம் வெளுக்கும் என்ற ஆசையில் உயர் அளவு வைட்டமின் சி ஊசியைப் போட்டுக்கொண்டால், சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். திருமணத்துக்கு முன் அத்தகைய ஊசியைப் பற்றி என்னிடம் விசாரித்த பழைய மாணவியர் சிலரிடம், பிறந்தபோது கொடுத்த அட்டையை முதலில் எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். கொய்யாவைத் தின்று எவருக்கும் இந்த ஆபத்து வராது.

அம்மாவின் இரும்பு மாத்திரை தேத்தண்ணீரிலிருந்து தண்ணீருக்கு மாறியது. தேத்தண்ணீர் பிளாஸ்கை வேலைக்காட்டுக்குக் கொண்டுபோகாமல், வீடு திரும்பியபின் குடித்தார். கொய்யா, பப்பாளி, எதுவும் இல்லாத நாளில் அரை எலுமிச்சை என்று ஏதாவது ஒன்று சோற்றுத் தூக்கில் இருந்தது. நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியது. அதில் பெரும்பங்கு மாத்திரையினுடையதும் பூச்சி மருந்தினுடையதும்தான். ஆனால் மாத்திரை நின்ற பிறகும் அது இறங்காமல் இருந்ததற்கு அந்தத் தூக்குச் சோற்றையும் பிளாஸ்க் இல்லாத பத்து மணியையும் நான் காரணமாகச் சொல்வேன்.

தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, நாங்கள் பட்டணத்து வீட்டுக்கு வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. பின்வாசலில் ஒரு கொய்யா மரமும் இரண்டு பப்பாளியும் வைத்திருக்கிறோம். பசியாறியபின் அம்மா இன்றும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முள் பத்தைத் தாண்டிய பிறகுதான், "ஆத்தா, இப்ப தேத்தண்ணி ஆத்தும்மா" என்று உள்ளே குரல் கொடுப்பார்.